கிரவல் யாருக்கு?

சகல லண்டன் தமிழருக்கும் அறிவிப்பது யாதெனில், நான்கு சங்கங்களின் தலைவரும், காலஞ்சென்ற அண்ணையின் டிரஸ்டுக்குப் பொறுப்பாளருமான திரு. குகதாசன், 1993 சித்திரையில் தமது தீர்ப்பை வழங்கினார்.

“அண்ணி, உயிலிலை என்ன கிடக்கு? ஹவுன்ஸ்லோ காணியின்ரை வருமானம் நீங்கள் இருக்குமட்டும் உங்களுக்கு. காணி என்ரை மகனுக்கு. நிலத்துக்குள்ளை கிடக்கிற கிரவல் கல்லு காணியின்ரை உடம்பு. அள்ள அள்ளக் காணியெல்லோ குறையுது? அந்தக் காசு முதலோடைதான், என்ரை மகன்ரை பங்கோடைதான் சேரவேணும்.”

அண்ணி தவநாயகியோ, அந்தக் காசு வந்தால் விமான நிலையத்தில் கக்கூஸ் கழுவும் ஷிப்டை விடலாம் என்றிருந்தார்.

தவநாயகியின் சட்டத்தரணி சிவனேஸ்வரி நிமிர்ந்தார். “உங்கட அண்ணை உயிரோடை இருக்கேக்கையே கிரவல் தோண்டுற கிடங்கைத் திறந்திருந்தால் அது வருமானம். அக்காவுக்குத்தான்.”

“அவர் செத்தாப்பிறகுதான் திறந்தது!”

தவநாயகி கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“மாலையோடை நாடா வெட்டுற பெரியமனிசர் ஆர்?” என்று கேட்டார் சிவனேஸ்வரி.

குகதாசனின் நெஞ்சு விரிந்தது. “நான்தான்! கிரவல் கிடங்குத் திறப்புவிழா. பிரதம விருந்தினரே நான்தானே!”

“பின்னாலை உங்களுக்குக் குடை பிடிக்கிறவர்?”

“அது அண்ணை. மழையிலை நான் நனையக்கூடாதெண்டு...”

சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

தவநாயகி அங்கிருந்த போனை எடுத்து, நாளைக்கு ஷிப்டுக்கு வரமாட்டன், இனி எப்பவும் வரமாட்டன் என்று சொல்லி வைத்தார்.

செத்தவர்கள் குடை பிடிப்பதில்லை.