பெஞ்சில் உட்காராதவன்

மிக்கேலின் வைத்திய அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். அல்போன்ஸ் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனான்.

"அரே பாய், நாங்க அரை மணி நேரமா உக்காந்திருக்கோம்!" என்று கத்தினார் தங்கையா.

"நானும் மிக்கேலும் மெயின்லேண்டுல இருந்து இந்தத் தீவுக்கு ஒரே கப்பல்ல வந்தவங்க அண்ணாச்சி. எனக்கெல்லாம் வரிசை கிடையாது."

உள்ளே மிக்கேல் சிரித்தான். "வா மாப்ள, சட்டையக் கழட்டு."

"பார்த்துக் குத்துடா. சாத்தம் மில்லுல மரம் தூக்குற தோளு. இதை வச்சுத்தான் வீட்டுல அடுப்பெரியுது."

மிக்கேல் வலித்த தோளை உருவிவிட்டு, மருந்தில்லாத வெறும் ஊசியைத் தசைமுடிச்சில் இறக்கி எடுத்தான். ஐந்தே நிமிடம்.

நாலாம் நாள் தோள் வீங்கிச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கீறிவிட்ட டாக்டர், "அழுக்கு ஊசி. இனிமே மரம் தூக்குறதை மறந்துடு" என்றார்.

கட்டுப்போட்ட தோளோடு வந்த அல்போன்ஸ், பெஞ்சில் இருந்த தங்கையாவிடம் கேட்டான்: "அதே ஊசிதானே? உங்களுக்கு ஒண்ணும் ஆகலியா?"

"எனக்கென்ன ஆகும்? ஒவ்வொருத்தருக்கும் ஊசியைக் கொதிக்க வச்சு, ஆறவச்சுத்தானே குத்துறார். பின்னே எதுக்கு இங்க இவ்வளவு நேரம் காத்துக் கிடக்கோம்?"

அல்போன்ஸ் உள்ளே பாய்ந்தான். ஸ்டவ்வில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் ஏண்டா கொதிக்க வைக்கல?"

மிக்கேல் தலை நிமிரவில்லை.

"மத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நேரா போலீசுக்குப் போயிடுவாங்க மாப்ள. நீ நம்ம ஆளு... போகமாட்டேல்ல?"