எட்டு நிமிடக் கண்ணாடி

கோடாரி நேராகத் தன் நெற்றியை நோக்கி இறங்கியபோது அக்கா சிரித்தாள். ஒரு சாண் முன்னால் கண்ணாடியில் மோதி அது எகிறியது.

"எப்படிடி என் புள்ள?" என்றாள், பெற்றவளின் பூரிப்போடு.

அக்காவின் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த தங்கை அவள் தோளோடு ஒட்டிக்கொண்டாள். "வெளியில நின்னே பாத்திருக்கலாம்லக்கா?"

"செஞ்சவளே உள்ள உக்காந்தாதான்டி வாங்கறவனுக்கு நம்பிக்கை வரும்."

கல்லூரி ஆய்வகத்தில் அவள் கையில் பிறந்த கண்ணாடி அது. வங்கி, நகைக்கடை என்று படியேறிய இடமெல்லாம் ஒரே கேள்வி: "இது எந்தத் தரத்துல பாஸாச்சு?"

அப்படி ஒரு தரமே அப்போது கிடையாது. தரக்குழுவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, அவள்தான் அதை எழுத வைத்தாள். தரக்குழு அனுப்பும் ஓர் ஆள் கோடாரியால் அடிக்க வேண்டும். கண்ணாடி எட்டு நிமிடம் தாங்க வேண்டும். சோதனை முடியும்வரை சோதிப்பவரும் தயாரித்தவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் தாட்சண்யம் நுழைந்துவிடும் என்று அந்த விதியைச் சேர்த்தவளும் அவளேதான்.

அதனால்தான், தடித்த கோட்டும் முகம் மறைத்த கறுப்பு ஹெல்மெட்டுமாக அந்த ஆள் கோடாரியோடு பட்டறைக்குள் நுழைந்ததும் பேர்கூடக் கேட்கவில்லை. தங்கையை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். இன்று தேறிவிட்டால் கண்ணாடி கடைக்கு வந்துவிடும்.

அவன் வெறிபிடித்தவன்போல அடித்தான். கண்ணாடியில் சிலந்தி வலையாக விரிசல் ஓடியது. அவன் உள்ளங்கை கிழிந்து கோடாரிக் காம்பில் ரத்தம் வழிந்தது. கோட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

"வாங்கற சம்பளத்துக்கு வஞ்சகமில்லாம உழைக்கிறாரு மனுஷன்" என்றாள் அக்கா.

தங்கை மூலைக்கு நகர்ந்தாள். அடியும் மூலைக்கு நகர்ந்தது.

"அக்கா, ஏன் நான் நிக்கற பக்கமே அடிக்கிறாரு?"

"கண்ணாடியத்தான்டி அடிக்கிறாரு. போன மாசம் உன் புருஷன்கிட்ட உதை வாங்கிட்டு ஓடி வந்ததுலருந்து, உனக்கு எல்லா ஆம்பளையும் அவனாவே தெரியுது." தங்கையின் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "என் கண்ணாடிக்குள்ள இருக்கறவரைக்கும் எமனே வந்தாலும் உன்னத் தொட முடியாது."

எட்டு நிமிடம் முடிந்தது. கண்ணாடி முழுக்க வெளுத்துத் தொய்ந்திருந்தது. ஆனால் விரல் நுழைய ஓட்டை விழவில்லை.

"பாஸாயிடுச்சுடி." அக்காவுக்குக் கண் நிறைந்தது. இனி பேசலாம். அந்த மனுஷனின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. தாழை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள்.

ஓங்கிய கோடாரி அந்தரத்தில் நின்றது.

தங்கையின் கையில் செல்போன் அடித்தது. பதறிய விரல் ஸ்பீக்கரில் பட்டு, குரல் கூண்டு முழுக்கக் கேட்டது.

"மேடம், தரச் சோதனைக்கு வர்றவன் பேசறேன். பேசக் கூடாதுன்னு தெரியும், தப்பா நினைக்காதீங்க, வண்டி பஞ்சர்... நான் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."