ஜன்னலோரத்தில் வளைந்த கோடு

கணவாய்ப் பனிச்சரிவில் எமில் லாரியோடு புதைந்து இரண்டு வருஷம் ஆகிறது. நரின் நகரத்து வீட்டின் சமையலறையில் புது அலமாரி மாட்ட, அவன் மனைவி புருல்சா கொழுந்தன் கனாட்டை மதியம் வரச்சொல்லியிருந்தாள்.

"அண்ணன் மாட்டினதுல ஆப்பிள் வச்சா உருண்டு ஓடும். இது மட்டம் தப்பாது அண்ணி" என்று கனாட் லேசர் கருவியை மேஜைமேல் வைத்தான்.

சிவப்புக் கோடு சுவரில் நேராக ஓடியது. ஜன்னலருகே மட்டும் வளைந்தது. அங்கே எதுவும் இல்லை.

கனாட் சுவரில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான். சுவரில் புடைப்பில்லை. கருவியை வேறு சுவருக்குத் திருப்பினான். கோடு நேராகவே விழுந்தது. மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினான், வளைந்தது.

புருல்சா கருவியைக் கையில் வாங்கி மெல்ல உயர்த்தினாள். தோளுயரத்தில் வளைவு அகன்றது, கழுத்துயரத்தில் ஒடுங்கியது. எமிலின் உயரத்தைத் தாண்டியதும் கோடு நேரானது.

அவள் கருவியை நெஞ்சுயரத்துக்கு இறக்கி, அடுக்கிய டப்பாக்கள்மேல் வைத்தாள். வளைவு மெதுவாக எழும்பியது, மெதுவாகத் தணிந்தது, மறுபடி எழும்பியது.

"அணைச்சிடலாம் அண்ணி" என்றான் கனாட். "பேட்டரி தீந்துடும்."

"சார்ஜர் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டாள் புருல்சா.