மூன்றாம் பக்கம்

பக்கத்துக்கு ஒரு டிக்.

முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் ஒன்று. மூன்றாம் பக்கத்தில் ‘கொன்றுவிடுவார்கள்’ என்ற சொல்லின் மேலேயே போட்டிருந்தார். சிவப்பு மை.

உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைப் பேராசிரியர் படிப்பதில்லை. அந்தச் சமூகவியல் துறையில் யாருமே படிப்பதில்லை. மூன்று பக்கம் எழுதினால் எட்டு மார்க், இரண்டு பக்கம் என்றால் ஆறு. அறுபது தாளையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார், பாவி மனுஷன்.

அறை வாசலில் ஏட்டு காத்திருந்தார்.

அவருடைய மாணவி பேச்சியம்மாள் மாட்டுக் கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டதாக வீட்டார் சொல்கிறார்கள். ‘என் சாவுக்கு யாரும் காரணமில்லை’ என்று அவள் எழுதிய கடிதத்தையும் காட்டுகிறார்கள். கையெழுத்தை ஒத்துப் பார்க்க அவள் எழுதியதில் ஒரு பக்கம் போதுமாம். ஒத்துப்போனால் கேஸை முடித்துவிடலாமாம்.

பேராசிரியர் அவளுடைய தாளை மறுபடியும் படித்தார்.

கேள்வி: சமூக மாற்றத்துக்குத் தடையாக நிற்கும் காரணிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

முதல் இரண்டு பக்கமும் அவர் கொடுத்த நோட்ஸ்தான். ஒரு வரி பிசகவில்லை. மூன்றாம் பக்கத்தில்தான் அவள் சொந்தமாக எழுதியிருந்தாள்.

‘எடுத்துக்காட்டு: என் வீடு.

சார், நான் கீழத்தெரு ஜெயசீலனை விரும்புவது தெரிந்துவிட்டது. லீவில் போனபோது அண்ணன் பெல்ட்டால் அடித்தான். இடது கையில் இரண்டு விரலை உடைத்தான். எழுதுவதற்காக வலது கையை விட்டுவைத்தான். என் சாவுக்கு யாரும் காரணமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை கூட்டிப்போக வருவான். போனால் கொன்றுவிடுவார்கள். அனுப்பாதீர்கள்.

போனைப் பிடுங்கிவிட்டார்கள். வகுப்பிலும் விடுதியிலும் சித்தி மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். வாயைத் திறக்க முடியவில்லை. இந்தத் தாளை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள்.’

அவள் எழுதியது திங்கட்கிழமை. அவர் டிக் போட்டது புதன்கிழமை.

விரல்களில் கட்டுப் போட்டிருந்ததை அவரும் பார்த்தார். கேட்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் வந்தான்.

துறை வராந்தாவில் அவள் தூணைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றி, தலையைத் தூணிலேயே மோதினான். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. உதடு கிழிந்து சுடிதாரெல்லாம் ரத்தம். அவள் அழவில்லை. அண்ணனைப் பார்க்கவும் இல்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாம் தெரிந்தவரைப் பார்ப்பது போல.

இவரும் நாற்காலியை விட்டு எழுந்து வாசல்வரை வந்தார்.

“இது எங்க வீட்டு விஷயம் சார். நீங்க உள்ள போங்க” என்றான் அவன்.

போனார். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அவளுடைய செருப்பு ஒன்று இரண்டு நாள் அந்தத் தூணடியில் கிடந்தது. பிறகு கூட்டுகிற அம்மாள் எடுத்துப் போட்டுவிட்டாள்.

வாசலில் ஏட்டு கனைத்தார்.

அவருக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. டிக் அவருடையது. முகப்பில் எட்டு என்று போட்டு வட்டமிட்டதும் அவர்தான். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்.

தாளின் பின்னை நகத்தால் நெம்பினார். அது விரலில் ஏறி ரத்தம் வந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முதல் பக்கத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடிதத்தில் உள்ள அதே கையெழுத்துதான் என்றார். பிள்ளை முத்து முத்தாக எழுதியிருக்கிறாள் என்றும் சொன்னார். கிளம்பியவர் படியில் நின்று திரும்பினார்.

“மத்த பக்கத்துல என்ன சார் எழுதியிருக்கு?”

“பாடந்தான்” என்றார்.