மார்ச் முப்பத்தொன்று

மாலை நாலரை மணி. யானைக்கால் ஆராய்ச்சி நிலையத்து வாசலில் மாட்டுவண்டியிலிருந்து புது நாற்காலிகள் இறங்குகின்றன. வார்னிஷ் வாடை மருந்து நெடியை விரட்டுகிறது. குருசுக்குப்பத்து அஞ்சம்மாள் வீங்கிய காலோடு ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறாள். “மாத்திர நின்னு பத்து நாளாச்சி சாமி. கால் மறுபடி வீங்குது. மீன்கூடை தூக்கலன்னா அடுப்பு எரியாது.” குமாஸ்தா வைத்திலிங்கம் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மருந்துக்கு ஒதுக்குனது தீந்துபோச்சிம்மா. நாற்காலிக்கு ஒதுக்குனதுதான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள செலவழிக்கலன்னா டெல்லி புடுங்கிக்கும்.” “அந்தக் காசுல நாலு மாத்திர வாங்கக் கூடாதா?” “அதுக்கு டெல்லி உத்தரவு வேணும். போன வருசம் கேட்டதுக்கே பதில் வரல.” டைரக்டர் வெளியே வருகிறார். நாற்பது நாற்காலிகளையும் கண் குளிரப் பார்த்துவிட்டு, அஞ்சம்மாளைக் கண்டு பதறுகிறார். “நோயாளிய நிக்க வைக்கலாமாய்யா?” அஞ்சம்மாளை உட்கார வைக்கிறார்கள். காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலியும் போடுகிறார்கள்.