ரங்கூன் சக்களத்தி

"ஏண்டி, எம் புருஷன மயக்கினது பத்தாதுன்னு ஊருக்குள்ளயே வந்துட்டியா?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

வேறு யாரையோ திட்டுகிறார்கள் என்றுதான் அருளம்மாள் முதலில் நினைத்தாள். வேர்க்கடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த சின்னப்பொண்ணு என்பவள், அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் திட்டு தனக்கு என்று புரிந்தது.

"யாரும்மா நீங்க? எனக்கு உங்களைத் தெரியாதே!"

"ரங்கூன்ல எம் புருஷனோட குடும்பம் நடத்தத் தெரிஞ்சுது, என்னைத் தெரியலையா?"

அருளம்மாள் கையை உருவப் பார்த்தாள்.

ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிய குடும்பம். பாதி வழியில் காலரா வந்து கணவன் அடைக்கலராஜ் போய்விட்டான். பதினோரு வயது மகள் ரோஸ்மேரியோடு அவன் சொந்த ஊரைத் தேடி வந்தாள். கொழுந்தன் வீட்டில் இரண்டு நாள் கஞ்சி ஊற்றினார்கள். மூன்றாம் நாள் கையை விரித்துவிட்டார்கள்.

நேற்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில்தான் கிடந்தாள். ரங்கூன் அகதி என்று பார்த்துவிட்டு எத்தனையோ பேர் கடந்து போனார்கள். ஏன் என்று கேட்டவர் ராஜாராம் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, கனிவான பேச்சு.

"புதுச்சேரியில பெரிய வீட்ல சமையல் வேலை இருக்கும்மா. பொண்ணை கன்னியர் மடத்துப் பள்ளியில சேத்துடலாம். வழியில யாராச்சும் கேட்டா மட்டும் என்னை அண்ணன்னு சொல்லிடு."

மாதா கண் திறந்துவிட்டாள் என்று அருளம்மாள் அழுதேவிட்டாள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் ஓடும் இந்த பஸ்ஸில் ஏறிவிட்டால் பிழைத்தோம். கிளீனர் பஸ்ஸின் பின்னால் நின்று கரி அடுப்பின் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கரி பற்றிக்கொள்வதற்குள் இந்த ரகளை!

"நியாயத்தக் கேளுங்க சாமி!" சின்னப்பொண்ணு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "சிங்கவரத்துலேருந்து தெனம் நடந்து வந்து, வெயில்ல மல்லாட்டை வித்துப் பொழைக்கிறேன் நான். இவ அங்க மகாராணியாட்டம் இருந்துட்டு, புள்ளையையும் இட்டுக்கினு வந்து நிக்கிறா. இந்த மூக்கப் பாருங்க, அப்படியே எம் புருஷன் மூக்கு!"

எல்லோரும் ரோஸ்மேரியின் மூக்கைப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணுவின் புருஷனைக் கண்ணால் கண்டிராதவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள்.

"ரங்கூன் போனவன் எவன் சும்மா இருந்தான்?" என்றார் ஒரு பெரியவர்.

அருளம்மாளுக்கே சந்தேகம் வந்தது. அடைக்கலராஜ் ரங்கூனுக்கு வந்த பிறகுதான் அவளைக் கட்டினான். அதற்கு முன்பே ஊரில் ஒருத்தி இருந்தாளா? அதனால்தான் கொழுந்தன் வீட்டில் விரட்டினார்களா? அவன் நல்லவன் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. அதையும் பறிக்கிறாளே, பாவி!

ராஜாராம் முன்னால் வந்தார். "கையை விடும்மா. இது என் தங்கச்சி."

"கூடப் பொறந்த அண்ணனா? நல்லதாப் போச்சு!" சின்னப்பொண்ணு அவர் பக்கம் திரும்பினாள். "தங்கச்சிய ரெண்டாந்தாரமாத் தள்ளிவுட்ட அண்ணன்தான் பஞ்சாயத்துல பதில் சொல்லணும். உன் ஊரு, பேரு சொல்லு. யாராச்சும் முருகையன் ஏட்டய்யாவக் கூப்புடுங்க!"

"ஆமாய்யா, அதுதானே மொறை. நீ வந்து உக்காரு" என்று இரண்டு பேர் ராஜாராமை நெருங்கினார்கள்.

அவர் முகம் கறுத்தது. "கூடப் பொறந்தவ இல்லீங்க, தூரத்து உறவு. உங்க குடும்பச் சண்டையில நான் எதுக்கு?"

பஸ் உறுமியது. அவர் தாவி ஏறிக்கொண்டார். பஸ் போயே போய்விட்டது.

உதவ வந்த ஒரே மனிதரும் போனாரே என்று அருளம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"நடடி ஊட்டுக்கு!" சின்னப்பொண்ணு கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிடித்த பிடி விடாமல் இழுத்துப் போனாள். ரோஸ்மேரி தேம்பிக்கொண்டே பின்னால் ஓடினாள். ஒருவரும் தடுக்கவில்லை. நல்ல வேடிக்கை பார்த்த திருப்தியில் கூட்டம் கலைந்தது.

சிங்கவரம் பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், சின்னப்பொண்ணு நின்று கையை விட்டாள். சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"வலிக்குதா? கொஞ்சம் அழுத்திப் புடிச்சுட்டேன்."

ரோஸ்மேரியின் பாவாடையில் இரண்டு கை வேர்க்கடலையை அள்ளிப் போட்டாள்.

அருளம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் உங்களைக் கட்டியிருந்தாரா?"

"போன மாசம் இதே ஆளு, இதே பஸ்ல ரெண்டு ரங்கூன் பொண்ணுங்கள ஏத்திக்கினு போனான். தங்கச்சிங்கன்னுதான் அப்பவும் சொன்னான். ஒருத்தி எப்படியோ தப்பிச்சு வந்து, எந்த மாதிரி ஊட்ல வித்தான்னு எங்கிட்ட சொல்லி அழுதா. இன்னொருத்தி வரவே இல்ல. அன்னிக்கு நான் பாத்துக்கினு சும்மாதான் இருந்தேன்."

அருளம்மாள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா? பொண்ணுங்கள விக்கிறவன்னு நான் கத்தியிருந்தா, மல்லாட்டைக்காரி பேச்சுன்னு ஒருத்தன் திரும்பியிருக்க மாட்டான். சக்களத்தி சண்டைன்னாதான் ஊரே கூடுது."

"அப்ப, உங்க வீட்டுக்காரர் ரங்கூன்ல..."

"அந்த மனுசன் விழுப்புரத்தத் தாண்டினதில்ல!"

அடைக்கலராஜ் நல்லவன்தான். அருளம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

"பாவம் எம் ஊட்டுக்காரரு, நாளைலேருந்து ஊரே அவரப் பாத்துச் சிரிக்கும். அவருக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "ஆமா, உம் பேரு இன்னாம்மா?"