பேசமாட்டன்

“டீச்சர், இன்னிக்காவது பேசுனீங்களா?”

மகனைக் கூட்டிப்போக வந்த சிவலட்சுமி முன்பள்ளி வாசலிலேயே தொடங்கிவிட்டாள். கௌசலா ரீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“பேசேல்லை.”

“சும்மா விட்டுறாதீங்க டீச்சர். பேசப் பேசத்தானே புள்ள சரியா வருவான். நல்லா பேசுங்க.”

நாலு வயது சாருஜன் தாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. தகப்பனுக்கு வயல்வேலை கிடைத்து, குடும்பமாக வன்னியில் மல்லாவிக்கு வந்து மூன்று மாதம்தான். முன்பள்ளியில் இன்னும் வாயே திறக்கவில்லை.

அவர்கள் போனதும் கௌசலா உதவி ஆசிரியை ஞானேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினாள்.

“என்ன தாயடி இவா? ஒவ்வொரு நாளும் வந்து பிள்ளையைப் பேசுங்கோ, பேசுங்கோ எண்டு நிக்கிறா. அந்த வாயில்லாப் பூச்சியை ஏச எனக்கு மனம் வருமே?”

“வீட்டில நல்லா அடி விழுகுது போல, அக்கா. அதுதான் பிள்ளை கதைக்கிறேல்லை.”

ஞானேஸ்வரி உப்புப் புளி சேர்த்துத்தான் எதையும் சொல்லுவாள். கௌசலா அப்படியே நம்பிவிட்டாள்.

மறுநாளும் சிவலட்சுமி அதையே கேட்டாள். கௌசலாவின் பொறுமை போய்விட்டது.

“இஞ்ச பாருங்கோ அம்மா. நான் பேசமாட்டன். எத்தினை தரம் கேட்டாலும் ஒருநாளும் பேசமாட்டன். இனி இதைக் கேட்டுக்கொண்டு வராதேங்கோ.”

சிவலட்சுமியின் முகம் செத்துப்போனது. மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கௌசலாவுக்கு ஒரே பெருமை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாளாம்!

ஆனால் அடுத்த நாள் சாருஜன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வாரம் முடிவதற்குள் பெருமை போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையை நிற்பாட்டியே விட்டாளோ? வீட்டில் அவனுக்கு என்ன பாடோ? சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்தாள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

“வாங்க டீச்சர், உக்காருங்க.”

சிவலட்சுமி கதிரையைத் துடைத்துப் போட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கண்தான் நிமிரவில்லை.

“பிள்ளையை ஏன் அனுப்பேல்லை?”

“நீங்கதான் பேசவே மாட்டேன்னுட்டீங்களே டீச்சர். நாங்க தோட்டத்து ஆளுங்க, அதனாலதான்னு நெனச்சுக்கிட்டேன். அங்க யாருமே பேசலேன்னா புள்ளைக்கு எப்பிடிங்க கூச்சம் போகும்?”

கௌசலா எழும்பிவிட்டாள்.

“அப்ப நீங்கள் பேசச் சொன்னது... கதைக்கச் சொல்லியோ?”

“வேற எதுக்குங்க?”

“ஐயோ! எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறது. பிள்ளையை ஏசமாட்டன் எண்டெல்லோ நான் சொன்னனான்! அவனோட நான் கதைக்காத நாளே இல்லை.”

“நான்... எம்புள்ளய ஏசச் சொன்னேனா?”

முதலில் சிரித்தது சிவலட்சுமிதான். சிரிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. கௌசலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இந்தியப் படங்களில இந்தப் பேச்சை எவ்வளவு கேக்கிறன். எனக்கு ஏன் இது விளங்கேல்லை? மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைப் பற்றி என்னவெல்லாமோ நினைச்சிட்டன்.”

சத்தம் கேட்டு வளவுக்குள் விளையாடிக்கொண்டிருந்த சாருஜன் ஓடிவந்தான். ரீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் பல். நேரே வந்து அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

“டீச்சர், காச்சல் போயிருச்சா? திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறப்பீங்களா?”

அவன் வாயிலிருந்து கௌசலா கேட்ட முதல் வார்த்தைகள் அவை. சந்தோஷத்தில் அவனை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். என்ன காய்ச்சல் என்ற யோசனையே பிறகுதான் வந்தது. சிவலட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள்.

சிவலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பள்ளிக்கூடம் போகணும்னு ஒரே அழுவை டீச்சர். ஒங்களுக்கு அவனப் புடிக்கலேன்னு புள்ளகிட்ட எப்பிடிங்க சொல்றது? அதான், டீச்சருக்குக் காச்சல், சீக்கிரம் சொகமாகணும்னு சாமி கும்பிட்டுக்கன்னு சொல்லி வெச்சேன்.”